குழாய் போகாவிட்டால் எப்போது நிறுத்துவது?

மயக்கமருந்து வைத்தியர் செய்யும் வேலைகளில் மிகவும் ஆபத்தானது, நோயாளியின் மூச்சைத் தெரிந்தே நிறுத்துவது. தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏறிய கணத்திலிருந்து நோயாளிக்கு ஒட்சிசன் போய்ச் சேருவது முழுக்க அவர் பொறுப்பு. அதற்காகவே வாய்வழியே மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்துகிறார். அந்தப் பொறுப்பு எங்கே பிசகுகிறது என்பதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியியலாளர் ஜெஃப்ரி கூப்பர். தடுத்திருக்கக்கூடிய சம்பவங்களைத் திரட்டி அவரும் குழுவினரும் 1978இல் வெளியிட்ட ஆய்வில் 82 வீதம் மனிதத் தவறுகள். கருவி பழுதானதால் நேர்ந்தவை 14 வீதந்தான்.

மனிதத் தவறு என்றதும் கவனக்குறைவு, அனுபவமின்மை என்று நினைத்துவிடுகிறோம். பல விபத்துகளில் மேசையைச் சுற்றி நின்றவர்களுக்கு என்ன செய்யவேண்டும் என்பது நன்றாகத் தெரிந்தே இருந்தது. செய்யவேண்டிய நேரத்தில் அந்த முடிவை யாரும் எடுக்கவில்லை. ஒட்சிசன் இறங்கிக்கொண்டிருக்கும்போது யோசித்து முடிவெடுக்க மூளைக்கு இடம் கிடைப்பதில்லை. ஆகவே கடினமான முடிவுகளை நோயாளி விழித்திருக்கும்போதே எடுத்து, சத்திரசிகிச்சைக் கூடத்தில் உள்ள எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவைக்க வேண்டும். மயக்கமருந்தில் பாதுகாப்பு என்பதில் பெரும்பங்கு இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஏன் இவ்வளவு அவசரம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். வளர்ந்த ஒருவர் மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் ஏறக்குறைய 2½ லீட்டர் வாயு எஞ்சியிருக்கும். மல்லாந்து படுத்து மயங்கினால் அது இன்னும் குறையும். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தவராயின் அதில் ஒட்சிசன் அரை லீட்டர்கூட இராது. உடல் நிமிடத்துக்குச் செலவழிப்பதோ சுமார் 250 மில்லிலீட்டர். மூச்சு நின்று ஒரு நிமிடம் சற்றுக் கடந்தாலே ஒட்சிசன் அளவு சரியத் தொடங்கிவிடும். அதே ஆள், முகமூடியை இறுக்கமாகப் பிடித்து 3 நிமிடம் தூய ஒட்சிசனைச் சுவாசித்திருந்தால் நுரையீரலில் 2 லீட்டரளவு ஒட்சிசன் சேர்ந்திருக்கும். ஏறத்தாழ 8 நிமிடம் தாங்கும். அந்த 3 நிமிடத்தைச் செலவிட மனமில்லாதவர் 7 நிமிடத்தை இழக்கிறார்.

இந்த 8 நிமிடம் ஆரோக்கியமான, மெலிந்த ஆளுக்கு. உடற்பருமன் மிகுந்தவருக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அது 3 நிமிடமளவுக்குச் சுருங்கிவிடலாம். கைக்குழந்தைக்கு அதுவும் இல்லை, ஏனென்றால் குழந்தையின் உடல் ஒரு கிலோவுக்குச் செலவழிக்கும் ஒட்சிசன் பெரியவரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. தலைப்பக்கத்தை 20 முதல் 25 பாகை உயர்த்திவைப்பது பருமனானவர்களுக்குக் கூடுதல் நேரம் வாங்கித்தரும். மேசையின் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், செலவேயில்லை. முகமூடி ஓரத்தால் காற்றுக் கசிந்தால் 3 நிமிடமும் வீண். தாடி, பல்லில்லாத கன்னம், முகமூடியைச் சரியாகப் பிடிக்காத கை ஆகிய மூன்றும் வழக்கமான காரணங்கள். முகமூடியோடு இணைந்த பை மூச்சோடு அசைகிறதா, வெளிமூச்சைக் கோடாகக் காட்டும் கெப்னோகிராப்பில் காபனீரொட்சைட்டு அலை வருகிறதா, வெளிமூச்சில் ஒட்சிசன் 85 முதல் 90 வீதத்துக்கு ஏறிவிட்டதா என்ற மூன்றையும் பார்த்த பிறகே மருந்தை ஏற்றவேண்டும்.

குருதியின் ஒட்சிசன் வீதத்தைக் காட்ட விரலில் மாட்டும் பல்ஸ் ஒக்சிமீட்டர் தாமதமாகவே உண்மை பேசும். திரையில் 95 என்று தெரியும் நேரத்தில் நுரையீரலில் நிலைமை அரை நிமிடத்துக்கும் மேல் முன்னே போயிருக்கும். கைகால் குளிர்ந்திருந்தால் இன்னும் பிந்தும். 90 வரை மெதுவாக இறங்கும் எண், அதற்குக் கீழே செங்குத்தாக விழும். 92இல் "இன்னுமொருக்கால் பார்ப்பம்" என்று, குரல்வளையைப் பார்க்க உதவும் லரிங்கோஸ்கோப்பைத் திரும்ப வாயில் விடுவது, 60இல் முடியும் முயற்சியின் தொடக்கமாக இருக்கலாம்.

குழாய் போகாத நிலைமைக்கு இங்கிலாந்தின் கடினச் சுவாசவழிச் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல் எண்களாலேயே பேசுகிறது. லரிங்கோஸ்கோப் முயற்சி 3, அதைவிட அனுபவமுள்ள ஒருவர் வந்தால் இன்னும் 1. போகாவிட்டால் குரல்வளைக்கு மேலே அமரும் முகமூடிக் குழாய், அதற்கும் 3 முயற்சிதான். அதுவும் சரிவராவிட்டால் முகமூடியால் காற்றேற்றுதல். அதுவும் முடியாவிட்டால் கழுத்தின் முன்புறத்தைத் திறந்து மூச்சுவழிக்கு நேரே குழாய் விடவேண்டும். எண் விதித்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு முயற்சியும் தொண்டையை வீங்கச் செய்யும், குருதி கசியவைக்கும். முதல் முயற்சியில் முகமூடியால் எளிதாகக் காற்றேற்ற முடிந்த நோயாளிக்கு ஐந்தாவது முயற்சியின் பின் அதுவும் முடியாமல் போகலாம்.

கழுத்தைத் திறக்கும் முறை வியப்பளிக்கும் அளவுக்கு எளியது. தேவையானவை 10ஆம் இலக்கக் கத்தி, ஒரு பூஜி (குழாய்க்கு வழிகாட்டும், வளையக்கூடிய மெல்லிய கோல்), பலூன் உள்ள 6.0 அளவுக் குழாய் ஆகிய மூன்றே. கழுத்தை நன்றாகப் பின்னால் சாய்த்து, குரல்வளையை ஒரு கையால் பிடித்து, கேடயக் குருத்தெலும்புக்கும் அதன் கீழுள்ள வளையத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தை விரலால் காணவேண்டும். அங்கே கத்தியைக் குறுக்காகக் குத்தி, கூர்ப்பக்கம் காலை நோக்கி வரும்படி 90 பாகை திருப்பவேண்டும். கத்தியை எடுக்காமல் அதன் ஓரமாகப் பூஜியை உள்ளே வழுக்கிவிட்டு, அதன்மேல் குழாயைச் செலுத்திப் பலூனை ஊதி, கெப்னோகிராப் அலையைப் பார்க்கவேண்டும். கொழுத்த கழுத்தில் பள்ளம் தட்டுப்படாவிட்டால் நடுக்கோட்டில் 8 முதல் 10 சென்ரிமீட்டர் நீளத்துக்குத் தோலைத் திறந்து, விரல்களால் விலக்கித் தேடவேண்டும். பெண்களின் கழுத்தில் அந்தப் பள்ளத்தைத் தடவிக் காண்பது கடினம். சந்தேகம் உள்ளவருக்கு மயக்கத்துக்கு முன்பே தேடி, பேனாவால் குறித்துவைத்தால் பாதி வேலை முடிந்தது. கத்திக்குப் பதில் ஊசியால் முயல்வதை அந்த வழிகாட்டல் கைவிட்டதற்கும் ஆதாரம் உண்டு. 2011இல் வெளியான பிரித்தானியத் தேசியக் கணக்காய்வில் மயக்கமருந்து வைத்தியர்கள் ஊசியால் செய்த முயற்சிகளில் பாதிக்கும் மேல் தோற்றிருந்தன.

கை செய்யும் வேலை இவ்வளவு சுலபமென்றால் ஏன் உயிர்கள் போகின்றன? 2005 மார்ச்சில் இங்கிலாந்தில் 37 வயதுப் பெண் ஒருவர் சாதாரண மூக்குச் சத்திரசிகிச்சைக்கு வந்தார். குழாய் போகவில்லை, காற்றும் ஏறவில்லை. கூடத்தில் அனுபவமுள்ள மூன்று நிபுணர்கள் இருந்தார்கள். கழுத்தைத் திறப்பதற்கான தட்டைத் தாதி ஒருவர் கொண்டுவந்து, தயாராக இருப்பதாகச் சொன்னார். நிபுணர்கள் குழாயைச் செலுத்துவதிலேயே மூழ்கியிருந்தார்கள். அந்தப் பெண் நினைவு திரும்பாமலே இரண்டு வாரத்துக்குள் இறந்தார். அவருடைய கணவர் ஒரு விமானி. யாரையும் பழிவாங்க முனையாமல், விமானிகளுக்குக் கொடுக்கும் கூட்டு முடிவெடுப்புப் பயிற்சி வைத்தியர்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். இன்று பல நாடுகளில் மயக்கமருந்துப் பயிற்சி மாறியிருப்பதில் அந்தக் கேள்விக்குப் பெரும்பங்கு உண்டு.

கொழும்பிலும் அதே கேள்வியைக் கேட்கவேண்டியிருக்கிறது. இங்கே கூடத்தில் "சேர்", "மெடம்" என்ற மரியாதை ஆழமானது. நோயாளிக்கு அதனால் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. இளம் தாதி "சேர், 80" என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிவிட்டு நின்றுவிடுவார். இரண்டாம் முறை உரத்துச் சொல்லும் துணிவை அவருக்கு முன்கூட்டியே கொடுக்கவேண்டியவர் மயக்கமருந்து வைத்தியர்தான். மருந்து ஏற்றுமுன் இப்படிச் சொன்னால் போதும்: "இவவின்ர தாடை சின்னது, கஷ்டமா இருக்கலாம். மூன்று தரம் பார்ப்பன். 90க்குக் கீழ போனா உடன நிப்பாட்டச் சொல்லுங்கோ. மூன்றாந்தரமும் சரிவராட்டி பெரிய சேருக்குப் போன் எடுங்கோ, கத்தித் தட்டைத் திறவுங்கோ." அரை நிமிடம் போகும். அதன்பின் "மூன்று முடிஞ்சுது சேர்" என்று சொல்வது தாதியின் கடமை. துடுக்கு என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

இரவு நேரத்தில் இது இன்னும் முக்கியம். அரச வைத்தியசாலைகளில் இரவு அவசரச் சத்திரசிகிச்சைகளில் பலவற்றை மயக்கமருந்து வைத்திய அதிகாரிகளே செய்கிறார்கள். நிபுணர் தொலைபேசியில் இருப்பார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் மயக்கமருந்து நிபுணர்கள் உட்பட நிறைய வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதால் இருப்பவர்கள்மேல் சுமை கூடியிருக்கிறது. நிபுணரை எழுப்ப வேண்டிய நேரம் மயக்கத்துக்கு முன். அழைக்க வேண்டிய நிலைமைகளை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால், அழைக்கலாமா வேண்டாமா என்ற தயக்கத்துக்கே இடமில்லை.

குழாய் போய்விட்டது என்று நினைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. குழாய் உணவுக்குழாய்க்குள் போனாலும் நெஞ்சு அசையலாம், குழாயில் நீராவி படியலாம், நெஞ்சில் மூச்சொலி கேட்பதுபோலவும் இருக்கலாம். நம்பத்தகுந்த சாட்சி வெளிமூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு ஒன்றே. குறைந்தது 7 மூச்சுக்குத் தொடர்ந்து சீரான அலை வரவேண்டும். அலை தட்டையாக இருந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை குழாய் தவறான இடத்தில் இருக்கிறது என்றே கொள்ளவேண்டும். "ஆஸ்துமா இழுப்பாக இருக்கும்", "மெஷின் பழுது", "இதயம் நின்றதால்தான் அலை இல்லை" என்று மூளை ஆறுதல் தேடும். இதயம் நின்றபோதுகூட நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால் சிறிய அலை வரும். தட்டைக் கோடு என்றால் குழாயை எடுத்துவிட்டு முகமூடியால் காற்றேற்ற வேண்டும்.

மருந்துத் தட்டுக்கு வருவோம். 2022இல் அந்நியச் செலாவணி வறண்டு மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கிடைத்த நாட்டிலிருந்து கிடைத்த தயாரிப்பு வந்தது. தட்டுப்பாடு தணிந்தாலும் கொள்வனவுக்குக் கொள்வனவு தயாரிப்பு மாறுவது சாதாரணம். ஒரு மாதம் நீல எழுத்தில் வந்த அம்பியூல் மறுமாதம் பச்சையில் வரும். நீலத்தில் வேறு மருந்து வந்திருக்கும். கை பழகிய இடத்தில் பழகிய நிறத்தை எடுக்கும்.

இதில் மிகக் கொடியது டிரனெக்ஸாமிக் அசிட் மாறாட்டம். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய குருதிப்போக்குக்கு அது உயிர்காக்கும் மருந்து என்று 2017இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியபின், சிசேரியன் கூடங்களில் அது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அதே கூடத்தில், கீழுடலை மரக்கவைக்க முதுகுத்தண்டில் ஏற்றும் பியுப்பிவகெயினும் தெளிந்த கண்ணாடிக் குப்பியில், கிட்டத்தட்ட அதே உருவில் இருக்கும். முதுகில் ஏற்றவேண்டிய 2 மில்லிலீட்டர் பியுப்பிவகெயினுக்குப் பதில் டிரனெக்ஸாமிக் அசிட் போனால், 200 மில்லிகிராம் நேரே முள்ளந்தண்டு நீரில் கலக்கும். நரம்புகளை அமைதிப்படுத்தும் கிளைசின், காபா ஏற்பிகளை அது மறிக்கும். முதுகிலும் கால்களிலும் தாங்கமுடியாத வலி, கால் துடிப்பு, வலிப்பு, இதயத்துடிப்புக் கோளாறு என்று சில நிமிடங்களில் வரும். 2019இல் தொகுக்கப்பட்ட 21 சம்பவங்களில் 10 பேர் இறந்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இதற்கென்றே எச்சரிக்கை விடுத்தது.

முதுகில் ஊசி போட்டபின் கால் மரத்துப்போக வேண்டியவர் வலியால் கத்தினால் "ஊசி சரியாக வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டக் கூடாது. குப்பைக் கூடையிலிருந்து வெற்றுக் குப்பியை எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை. தடுப்பதற்கு வழி நேரடியானது. டிரனெக்ஸாமிக் அசிட்டை மயக்கமருந்து அலுமாரியிலிருந்து முழுதாக அகற்றி, தனிப் பெட்டியில் "நாளத்துக்கு மட்டும்" என்று ஒட்டி, வேறு பக்கத்தில் வைக்கவேண்டும். முதுகுக்கான மருந்தை எடுக்கும்போது பெயரை உரக்க வாசிக்க, இன்னொருவர் குப்பியைக் கண்ணால் பார்த்து ஆமோதிக்கவேண்டும். சிரிஞ்சில் ஒட்டும் நிறப்பட்டி (தசைதளர்த்திக்குச் சிவப்பு, அபின் வகை வலிநிவாரணிக்கு நீலம், மரக்கவைக்கும் மருந்துக்குச் சாம்பல்) குப்பியை மாறி எடுத்த தவறைப் பிடிக்காது. தவறான மருந்துக்குச் சரியான நிறத்தை ஒட்டிவிடும்.

சத்திரசிகிச்சைக்கு முந்திய தீர்மானங்களில் கொழும்புக்கே உரியதாக ஒன்றைச் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் வயிற்றுவலியும் வாந்தியுமாக வரும் இளைஞரைக் குடல்வால் அழற்சி என்று மேசையில் ஏற்றுமுன் டெங்குவை நினைக்கவேண்டும். நாலைந்து நாள் காய்ச்சல் அடித்து, காய்ச்சல் விட்டதும் வயிறு நோகிறது என்றால், அது டெங்குவின் ஆபத்தான 24 முதல் 48 மணிநேரக் கட்டமாக இருக்கலாம். வெண்குழியம் குறைந்திருப்பது, குருதிச்சிறுதட்டு சரிவது, குருதிச்செறிவு ஏறுவது, ஸ்கானில் பித்தப்பைச் சுவர் தடித்திருப்பது எல்லாம் அந்தப் பக்கம் சாட்சி சொல்லும். குடல்வால் அழற்சியில் வெண்குழியம் பெரும்பாலும் கூடும். காலையில் சிறுதட்டு 90,000 என்றால் அது காலையின் எண். மாலையில் 40,000 ஆகியிருக்கலாம். ஆகவே பழைய அறிக்கையை வைத்து முதுகில் ஊசி போடக்கூடாது. எண் 70,000 முதல் 80,000க்குக் கீழே போனால் முதுகெலும்புக் கால்வாயில் குருதி கட்டி நரம்பை நசுக்கும் அபாயம் பெரும்பாலானோரைப் பின்வாங்க வைக்கும். அவசரம் உண்மையிலேயே அவசரந்தானா என்று சத்திரசிகிச்சை நிபுணரோடு வாதாடவேண்டிய இடம் இது, வாதாடத்தான் வேண்டும்.

மருந்துப் பட்டியலும் முடிவை மாற்றும். நீரிழிவுக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாப்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் 3 நாளைக்கு முன் நிறுத்தவேண்டும். நிறுத்தாவிட்டால் சீனி 150 என்று நன்றாகத் தெரியும்போதே குருதி அமிலமாகிக்கொண்டிருக்கலாம். கீற்றோன் என்னும் அமிலப்பொருளைச் சோதித்துப் பார்த்தால்தான் பிடிபடும். குருதி உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் எடுப்பவருக்கு முதுகில் ஊசி போட 5 முதல் 7 நாள் இடைவெளி தேவை. தனி அஸ்பிரின் அதற்குத் தடையில்லை. மயக்கத்துக்கு முன் எவ்வளவு நேரம் உண்ணாமல், குடிக்காமல் இருப்பது என்பதில் பலருக்கும் குழப்பம். சோறும் பால்தேநீரும் 6 மணிநேரம், பொரியலும் கொழுப்பும் கூடிய சாப்பாடு 8, தாய்ப்பால் 4, தண்ணீரும் பால் சேர்க்காத பிளேன்டீயும் 2. இலைக்கஞ்சி நீராகத் தெரிந்தாலும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். "நள்ளிரவுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் வேண்டாம்" என்று சொல்லி, பிற்பகல் 2 மணிக்குச் சத்திரசிகிச்சை செய்வது முதியவரை வறட்சியில் தள்ளுவதுதான்.

இவையெல்லாம் தெரியவரவேண்டியது நோயாளியின் வாயிலிருந்து. கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும், யாழ்ப்பாணம், நுவரெலியா போன்ற இடங்களிலிருந்தும் கொழும்பு வைத்தியசாலைகளுக்கு வரும் தமிழ் நோயாளிகளிடம் கேள்வி சிங்களத்தில் கேட்கப்பட்டு, பள்ளி செல்லும் மகள் மொழிபெயர்த்து, பதில் ஆங்கிலத்தில் எழுதப்படுவது இன்றும் நடக்கிறது. பிள்ளை முன்னிலையில் தாய் சில விடயங்களைச் சொல்லவும் மாட்டார். "வேறு வருத்தம் ஏதும் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பதே பதிலாக வரும். குறிப்பாகக் கேட்டால் வரும்: "அம்மா, பல்லு ஏதாவது ஆடுதா? கட்டின பல்லு இருக்கா? இரவில நெஞ்சு எரிஞ்சு புளிச்ச தண்ணி வாய்க்கு வருதா? எத்தனை படி ஏறினா மூச்சு வாங்கும்? உங்கட சொந்தத்தில ஆருக்காவது ஒப்பரேஷன் நேரம் மயக்கம் தெளியாமப் போனதா?" கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் மருந்துத் தேர்வே மாறும். வீட்டில் எடுக்கும் எல்லா மருந்தையும், ஆயுர்வேத, சித்த மருந்துகளையும் சேர்த்து, கிளினிக் கொப்பியோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வது பட்டியல் கேட்பதைவிட நம்பகமானது.

உலக சுகாதார நிறுவனத்தின் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் இந்தக் கேள்விகளில் சிலவற்றையாவது கட்டாயமாக்குகிறது. எட்டு நகரங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதத்துக்குக் குறைந்தது. பெட்டிகளில் அடையாளமிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் அது வெறும் தாள்.

முடிவில் கவனம் தளரும் இடம், சத்திரசிகிச்சை முடிந்தபின். தசைதளர்த்தி முழுதாக விலகியதைத் தலையைத் தூக்கச் சொல்லி அறியமுடியாது. நரம்பை நான்கு முறை தொடர்ந்து தூண்டிப் பார்க்கும் கருவியில் நான்காவது துடிப்பு முதல் துடிப்பின் 0.9 பங்கை எட்டவேண்டும். கருவி இருந்தும் பெட்டியிலேயே கிடப்பது சரியல்ல. இன்னொன்று, மருந்தேற்றக் கை நாளத்தில் செருகியுள்ள சிறு குழாயான கனுலா. அதன் உள்ளேயும் இணைப்புக் குழாயிலும் அரை மில்லிலீட்டர் அளவு தசைதளர்த்தி தங்கியிருக்கலாம். குழந்தை வாட்டுக்குப் போய், தாயோடு பேசிக்கொண்டிருக்கையில் தாதி அன்ரிபயோட்டிக் ஏற்றுவார்; தங்கியிருந்த மருந்து உள்ளே போய்க் குழந்தையின் மூச்சு நின்றுவிடும். அங்கே முகமூடியும் பையும் கைக்கெட்டும் தூரத்தில் இராது. இங்கிலாந்துச் சுகாதார சேவை இதற்கென 2014இலும் 2017இலும் எச்சரிக்கை விடுத்தது. கூடத்தைவிட்டு வெளியேறுமுன் ஒவ்வொரு கனுலாவையும் சேலைனால் கழுவி, தேவையில்லாததைக் கழற்றி, "எல்லாக் கனுலாவும் கழுவியாச்சு" என்று ஒப்படைக்கும் தாளில் எழுதிக் கையெழுத்திடவேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத நோயாளியை வாட்டுத் தாதி ஏற்கத் தேவையில்லை, திருப்பிக் கேட்கலாம்.